விசிறியை மறந்த ஸ்மார்ட் சுவிட்சுகள்

விளக்கையும் மின்விசிறியையும் கைப்பேசியிலிருந்தே இயக்கலாம் என்று அச்சிட்டு விற்பவர்கள், நம் ஊர்ப் பழைய வீடுகளின் சுவிட்சுப் பெட்டியை ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஸ்மார்ட் சுவிட்சு எந்நேரமும் விழித்திருக்க வேண்டிய கருவி என்பதால், பெரும்பாலான வகைகளுக்கு ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (அது திரும்பிச் செல்லும் கம்பி) இரண்டும் தேவை. ஆனால் பிளக் பாயின்ட் இல்லாத தனிப் பெட்டிகளுக்குப் பல வீடுகளில் ஃபேஸ் மட்டுமே இறக்கப்பட்டிருக்கிறது. நியூட்ரல் வேண்டாத வகையை வாங்கினாலோ, அது விளக்கின் வழியாகவே சிறு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வதால், அணைத்த பிறகும் சில எல்இடி பல்புகள் மினுக்கிக்கொண்டே இருக்கின்றன.

விசிறியின் பாடு இதைவிடக் கொடுமை. ஸ்மார்ட் சுவிட்சுக்குள் இருக்கும் சாதாரண ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சு), விசிறியைப் போடவும் நிறுத்தவும் மட்டுமே செய்யும். வேகத்தைக் குறைக்க விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மரோடு இணைத்தால் மோட்டார் உறுமிச் சூடேறுகிறது. கப்பாசிட்டர் கொண்டு படிப்படியாக வேகத்தை மாற்றும் தனி மாட்யூலைத் தேடி வாங்கிவந்தாலோ, ஆழமில்லாத பழைய பெட்டிக்குள் அது அடங்குவதில்லை. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் கொண்ட) விசிறி வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியும் கிடையாது, ஏனெனில் அதன் வேகத்தை உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றே தீர்மானிக்கிறது. வெளியே ரெகுலேட்டர் வைக்கக் கூடாது.

நள்ளிரவில் மின்தடை நீங்கியதும் தானாகவே எரியத் தொடங்கும் விளக்குகளை (முந்தைய நிலையை நினைவில் வைக்காத மாட்யூல்களும் விற்கப்படுகின்றன) யார் எழுந்து அணைப்பது? நியூட்ரல் வேண்டுமா, பெட்டிக்கு எத்தனை மில்லிமீட்டர் ஆழம் வேண்டும், எந்த விசிறிக்கு ஆகாது என்பதை அட்டைப்பெட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்வது அவ்வளவு பெரிய கோரிக்கையா?