நாற்பது பிள்ளைகளும் ஒரு சதவீதமும்

அமெரிக்காவில் வீடு தேடும் நம் நண்பர்கள் முதலில் கேட்பது, "அந்தப் பக்கம் ஸ்கூல் எப்படி?" என்பதுதான். பிள்ளைகளின் படிப்பை முன்வைத்தே ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்கள் வேறு எதை முதலில் கேட்பார்கள்? என் வருத்தம் கேள்வியைப் பற்றியது அல்ல. இணையத்தில் அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு நான்கு, பத்துக்கு ஒன்பது என்று தரப்பட்ட ஓர் எண்ணைப் பார்த்ததுமே விடை கிடைத்துவிட்டதாகப் பேச்சை முடித்துக்கொள்கிறோமே, அதைப் பற்றியது. ஆறு முதல் எட்டு வரை வகுப்புகள் கொண்ட ஒரு சிறிய அரசு நடுநிலைப் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்வருகிறேன். அந்த எண் எப்படி உருவாகிறது என்று அங்கே பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த எண்ணுக்கு முக்கிய அடிப்படை மாநிலத் தேர்வு முடிவுகள். 2002-இல் கையெழுத்தான அமெரிக்கக் கல்விச் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வு நடத்த வேண்டும் என்றது. 2015-இல் வந்த சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. முடிவுகளை இனம், குடும்ப வருமானம், மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்கும் நிலை என்று பிரித்து வெளியிட வேண்டும் என்பதும் விதி. இந்தப் பிரிப்பை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். பள்ளியின் மொத்தச் சராசரி நன்றாக இருந்தால், அதற்குள் ஏழைப் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் அது வெளியே தெரியாமல் போய்விடும்.

சிக்கல் பள்ளி சிறியதாக இருக்கும்போதுதான் தொடங்குகிறது. ஏழாம் வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு கணிதத்தில் 22 பேர் தேறினார்கள் என்றால் 55 சதவீதம். இந்த ஆண்டு 18 பேர் என்றால் 45 சதவீதம். பத்து சதவீதப் புள்ளி சரிந்துவிட்டது என்று கேட்டால் பள்ளியில் ஏதோ கெட்டுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் மாறியது நான்கு பிள்ளைகள், அதுவும் வேறு பிள்ளைகள். ஆசிரியரும் பாடமும் மாறாமலேயே, 40 பேர் கொண்ட வகுப்பின் தேர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ 8 புள்ளி அளவுக்கு மேலும் கீழும் போவது இயல்பு என்று புள்ளியியலின் எளிய சூத்திரமே சொல்கிறது. 400 பேர் என்றால் அந்த ஆட்டம் 2.5 புள்ளியாகக் குறைந்துவிடும். தரவரிசையின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே அதிகமாகத் தென்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2000-களின் தொடக்கத்தில், உச்சியில் இருந்த சிறிய பள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டுச் சிறிய பள்ளிதான் தீர்வு என்று நம்பியவர்கள் பலர். அடியில் இருந்த சிறிய பள்ளிகளையும் அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

உட்பிரிவுகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். ஒரு பிரிவில் பத்துக்கும் குறைவான பிள்ளைகள் இருந்தால், தனியுரிமை கருதிப் பல மாநிலங்களில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி மட்டுமே இருக்கும். சிறிய பள்ளியின் அறிக்கையில் பாதிக் கட்டங்கள் நட்சத்திரமாகவே இருப்பதைப் பார்க்கலாம்.

மாணவர்களின் பின்னணி மதிப்பெண்ணில் தெரிவது புதிய செய்தி அல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழு 1966-இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, மதிப்பெண் வேறுபாட்டில் பள்ளிகளுக்கு இடையிலான வசதி வேறுபாட்டை விடக் குடும்பப் பின்னணியின் பங்கே பெரிது என்று சொன்னது. அந்தப் பின்னணியை அளக்கும் அளவுகோல்களிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. இலவச மதிய உணவு பெறுவோர் எண்ணிக்கையே நெடுங்காலமாக வறுமையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இன்று பல பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாக உணவு தருகின்றன. அப்படிப்பட்ட பள்ளியில் அந்த எண் வறுமையைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. ஆங்கிலம் கற்போர் என்ற பிரிவும் அப்படித்தான். நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை அந்தப் பிரிவிலிருந்து வெளியேறிவிடும், புதிதாக வந்த பிள்ளை உள்ளே சேரும். ஆகவே ஆசிரியர் எவ்வளவு திறமையாகக் கற்பித்தாலும் அந்தப் பிரிவின் சராசரி தாழ்ந்தே நிற்கும்.

என்னிடம் படிக்கும் ஒரு பையன் ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில் முக்காலையும் அரைக்காலையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டி 4/12 என்று எழுதுவான். எட்டில் ஆறு கட்டம், எட்டில் ஒரு கட்டம் என்று காகிதத்தை மடித்து மடித்துப் பல வாரம் உட்கார்ந்தோம். ஒருநாள் மடிக்காமலேயே 7/8 என்று எழுதிவிட்டு, சரியா என்றுகூடக் கேட்காமல் அடுத்த கணக்குக்குப் போய்விட்டான். அந்த ஆண்டுத் தேர்வில் அவன் "தேர்ச்சி பெறாதவர்" பட்டியலில்தான் இருந்தான். மூன்று ஆண்டு பின்தங்கி வந்த பிள்ளை ஒரே ஆண்டில் இரண்டு ஆண்டுப் பாடத்தைக் கடந்தாலும் தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பான். சதவீதக் கணக்கில் அவனுடைய உழைப்புக்கும் அவன் ஆசிரியரின் உழைப்புக்கும் மதிப்பு பூஜ்யம்.

அதனால்தான் வளர்ச்சியைப் பாருங்கள் என்கிறேன். ஒரே பிள்ளை ஓராண்டில் எவ்வளவு முன்னேறினான் என்ற கணக்கைப் பெரும்பாலான மாநிலங்கள் வெளியிடுகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் உள்ள தேர்வுத் தரவை ஆராய்ந்தபோது, மூன்றாம் வகுப்புச் சராசரிக்கும் அதன் பிறகான வளர்ச்சிக்கும் தொடர்பு மிகக் குறைவு என்று கண்டார். தேசியச் சராசரிக்குக் கீழே இருந்த சிகாகோ பள்ளிகளின் பிள்ளைகள் மூன்றிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளுக்கான படிப்பைப் பெற்றிருந்தார்கள். சிறிய பள்ளியில் வளர்ச்சி எண்ணும் ஆடும்தான். மூன்று ஆண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு நம்பலாம். பள்ளி நாள்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை ஆண்டு நிலைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லியாக வேண்டும். "அந்த ஸ்கூல்ல கலவை சரியில்லை" என்று நம்மவர்கள் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சதவீதத்தைக் காட்டிப் பேசினாலும் அவர்கள் பார்ப்பது பிள்ளைகளின் நிறத்தையும் பெற்றோரின் வருமானத்தையும்தான். நாம் ஒவ்வொருவராக விலகிப் போகப் போக, அந்த 40 பேர் 34 ஆவார்கள், எண் இன்னும் ஆடும், அதைக் காட்டி இன்னும் சிலர் விலகுவார்கள். மாணவர் தலைக்கணக்கைச் சார்ந்து வரும் நிதியும் அதோடு குறையும். முதலில் போவது இசை ஆசிரியரின் பணியிடமாக இருக்கும்.

இதே பகுதியில் வீடு பார்க்கும் நண்பர் ஒருவர் நேற்று அந்தப் பத்துக்கு நான்கைக் காட்டிக் கருத்துக் கேட்டார். பள்ளி அலுவலகத்தில் அனுமதி கேட்டு வியாழக்கிழமை என்னோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஏழாம் வகுப்புக் கணிதம் பத்தரை மணிக்கு.