95 விழுக்காடு என்பது நூறு அல்ல

வேற்றுக்கிரகவாசிகளுக்கு எதிராகச் சிப்பாய்களை முறை வைத்து நகர்த்தி விளையாடும் எக்ஸ்காம் என்ற கணினி ஆட்டத்தில், சுடும் முன் குறி படுவதற்கான வாய்ப்பு விழுக்காட்டில் தெரியும். அது பற்றி நேற்று எழுந்த சர்ச்சையில் தலையிட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், "95 விழுக்காடு என்று காட்டிவிட்டுக் குறியைத் தவறவிடும் ஆட்டம் ஒரு மோசடி" என்ற அந்த வரியை, விவரம் தெரிந்த நண்பர்களே பகிரத் தொடங்கிய பிறகு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

95 விழுக்காடு என்பது நூறு அல்ல. அப்படி இருபது முறை சுட்டால், ஒன்றாவது தவறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. தவறவே இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும். உண்மையில், எக்ஸ்காம் 2-இன் எளிய நிலைகளில், அடுத்தடுத்துக் குறி தவறினால் திரையில் காட்டுவதைவிடக் கூடுதலான வாய்ப்பை ஆட்டம் நமக்குச் சத்தமில்லாமல் தருகிறது. மிகக் கடினமான லெஜண்ட் நிலையில் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. எண்ணில் ஒளிவுமறைவு உண்டு என்றால், அது நம் பக்கம் சாய்ந்த ஒளிவுமறைவு.

"சேமித்த இடத்திலிருந்து மறுபடி லோட் செய்து சுட்டாலும் அதே குறி மறுபடி தவறுகிறதே, இது முன்கூட்டியே முடிவானதுதானே?" என்று கேட்பீர்கள். இதே வரிசையில் 2012-இல் வந்த முந்தைய ஆட்டமான எனிமி அன்நோன், தற்செயல் எண்களின் வரிசையையும் சேர்த்தே சேமிக்கிறது. அதனால் தவறிய குறி மறுபடி தவறுவது போலவே, பட்ட குறியும் மறுபடி படும். அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? வேற்றுக்கிரகவாசியின் மூக்கருகே துப்பாக்கியை நீட்டியும் படாத காட்சி அபத்தமாக இருக்கிறது என்பது சரிதான். அது காட்சியமைப்பின் குறை, கணக்கின் குறை அல்ல.

என் சிப்பாய்களுக்கெல்லாம் பெயர் வைப்பது தம்பி. அவன் தன் பெயரையே வைத்த ஸ்னைப்பர், கூரை மேலிருந்து மிக நல்ல வாய்ப்புள்ள குறியைத் தவறவிட்டான். அடுத்த முறையில் மியூட்டான் என்ற வேற்றுக்கிரகவாசி அவனைச் சுட்டு வீழ்த்தியது. கடைசியில் மிஞ்சிய புதுச் சிப்பாய், 25 விழுக்காடு வாய்ப்பில் அதே மியூட்டானைச் சாய்த்தான். அந்த 25 பட்டபோது நானும் தம்பியும் எழுந்து நின்று கத்தினோம். அதை மோசடி என்று யாராவது சொல்வார்களா? நினைவுச் சுவரில் தம்பியின் பெயர் ஏறியபோது அவன் முகம் வாடியதும் எனக்குத் தெரியும். அந்த வருத்தத்துக்கு மதிப்பு வந்ததே, எந்தக் குறியும் தவறலாம் என்பதால்தான்.

மோசடி என்று சொல்லும் நீங்கள் ஆட்டத்தைத் திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பழைய சேமிப்புக்குத் திரும்ப முடியாத அயர்ன்மேன் முறையில் தோற்றுப்போனதாக எழுதிய புதியவரிடம், "இதற்குப் போய் நேரத்தை வீணாக்கினாயா?" என்று சிரித்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. "நீங்கள் தோல்வியை ரசிக்கும் மேட்டிமைக் கூட்டம்" என்று எங்களையும் ஒரு வார்த்தை சொன்னீர்கள். யாரும் தோல்வியை ரசிப்பதில்லை. 2016-இல் வந்த எக்ஸ்காம் 2-இன் கதையே, முதல் போரில் மனிதர்கள் தோற்று, இருபது ஆண்டுகள் அந்நியர் ஆட்சியின் கீழ் வாழ்ந்த பிறகுதான் தொடங்குகிறது. தோற்றவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்த ஆட்டத்தில் எதைத்தான் விளையாடினீர்கள்?

அந்தப் புதிய நண்பருக்கு: அடுத்த முறை அயர்ன்மேன் வேண்டாம். சிப்பாய்களை முழுதாக மறைக்கும் தடுப்புகளுக்குப் பின்னாலேயே நிறுத்துங்கள். ஓவர்வாட்ச், அதாவது எதிரி நகர்ந்தால் சுடக் காத்திருக்கும் கட்டளை, போடாமல் முன்னேறாதீர்கள். 95 என்று காட்டினாலும், தவறினால் என்ன செய்வது என்று முடிவுசெய்த பிறகு சுடுங்கள். சந்தேகம் வந்தால் என்னிடம் கேளுங்கள், நான் சிரிக்க மாட்டேன்.