சின்னச் சந்தோஷம்னு சொல்லாதீங்க

போன மாசம் எனக்கு வலது கண்ணுல கண்புரை ஆபரேஷன் ஆச்சு. மறுநாள் காலைல நர்ஸ் வந்து கட்டைப் பிரிச்சு மெதுவா கண்ணைத் தொறங்கம்மான்னாங்க, தொறந்தேன், எதிர்ல சுவரு. வெறும் சுவருதான். ஆனா அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து கட்டில்ல உக்காந்தா, அஞ்சாறு வருஷமா நான் போத்திக்கிற போர்வை, சாம்பலும் பச்சையும் கலந்த மாதிரி ஏதோ ஒரு கலர்னு நான் நெனச்சுட்டு இருந்தது, நல்ல பளிச்சுன்னு நீலம்! மருமகளைக் கூப்பிட்டு, ஏம்மா இதை எப்ப மாத்துனேன்னு கேட்டேன். மாத்தவே இல்லையே அத்தை, இது எப்பவும் நீலம்தானேன்னா.

வயசாக ஆக கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மஞ்சளாயிட்டே வருமாம், மஞ்சளானா அது நீல வெளிச்சத்தைத்தான் மொதல்ல தடுக்குமாம், கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறதால நமக்குத் தெரியாதாம். டாக்டர் சொன்னாங்க. தெரியாதுதான். எனக்கு 71 வயசாகுது, வெளிச்சம் குறைஞ்சு போச்சு, வீட்டுல பல்பு சரியில்லை, நல்ல பல்பா மாத்துப்பான்னு பையனை நச்சரிச்சுக்கிட்டே இருந்தவ நான்.

ஆனா நான் எழுத வந்தது போர்வையைப் பத்தி இல்ல. என் சின்னப் பேத்திக்கு ஆறு வயசு. அவ பொறந்ததுல இருந்து குளிப்பாட்டுறது தலை பின்றது எல்லாம் என் கைதான், பின்னலை நான் கண்ணை நம்பிப் பின்னவே மாட்டேன், விரலுக்கே வழி தெரியும். அன்னைக்கு சாயங்காலம் அவளை முன்னாடி உக்கார வச்சு முடியைப் பிரிச்சு காதுக்குப் பின்னாடி ஒதுக்குறேன், அங்க ஒரு மச்சம். கடுகளவுதான் இருக்கும். ஆறு வருஷமா தெனம் என் விரல் அதைத் தாண்டித்தான் போயிருக்கு, மச்சம் தடவுனா தெரியாதே, தோலோட தோலா சமமா இருக்கு. நான் பின்றதை நிறுத்திட்டு அதையே பார்த்துட்டு இருந்தேன். என்ன பாட்டி, பேனான்னு கேட்டா. இல்லடி கண்ணு, உனக்கு இங்க ஒரு மச்சம் இருக்குன்னேன். அது உனக்குத் தெரியாதான்னு திரும்பி என்னையே பார்த்தா. என்னால பதில் சொல்ல முடியல, தொண்டை அடைச்சுக்கிச்சு.

இதை எங்களைப் பார்க்க வந்த ஒரு உறவுக்காரங்ககிட்ட சொன்னேன். அவங்க நல்ல மனசுக்காரங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. கேட்டுட்டு என் கையைத் தட்டிக் குடுத்து, வயசானா இப்படி சின்னச் சின்ன விஷயத்துல சந்தோஷப்பட்டுக்கணும், அதுதான் நல்லதுன்னாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் அந்தச் "சின்ன"ங்கிற வார்த்தை எனக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னுக்கிச்சு. பெரிய சந்தோஷம் எல்லாம் இனிமே உங்களுக்கு கிடையாது, மிச்சம் மீதி என்ன இருக்கோ அதை வச்சு சமாதானம் ஆகிக்கோங்கன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. வயசானவங்களைப் பத்தி எல்லாரும் இப்படித்தான் பேசுறோம், நானும் என் மாமியாரைப் பத்தி இப்படித்தான் பேசியிருப்பேன்.

அது அப்படி இல்லன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாற்பது வயசுல எனக்கு இதெல்லாம் இல்லாமயா இருந்துச்சு? வெயில் இருந்துச்சு, சுவரு வெள்ளையாத்தான் இருந்துச்சு, பையன் காதுக்குப் பின்னாடியும் ஏதாச்சும் மச்சம் இருந்திருக்கும். எனக்கு நேரம் இல்ல. அவனுக்குத் தலை துவட்டும்போது அடுத்து துணி ஊற வைக்கணும்னு யோசிப்பேன், துணி ஊற வைக்கும்போது பஸ் போயிடுமேன்னு யோசிப்பேன், பஸ்ல ஏறி உக்காந்தா கேஸை அணைச்சேனான்னு யோசிப்பேன். அந்த வயசுல "பெரிய" சந்தோஷம்னு நாங்க ஓடுனது எல்லாம், வீடு, புரமோஷன், பையன் மார்க், ஒவ்வொண்ணும் கைக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே அடுத்ததைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவோம். இன்னைக்கு எனக்கு மச்சம் பெருசா தெரியுதுன்னா அது வேற எதுவும் இல்லாததால இல்லங்க. மறைச்சுக்கிட்டு நின்னது எல்லாம் விலகிப் போச்சு, அவ்வளவுதான்.

மூத்த பேத்தி உளவியல் படிக்கிறா, அவகிட்ட இதைச் சொன்னப்போ, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில லாரா கார்ஸ்டென்சன்னு ஒரு பேராசிரியை இதைத்தான் பல வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க பாட்டின்னா. முன்னாடி நெறைய காலம் கெடக்குன்னு நெனக்கிற வரைக்கும் மனுஷங்க புதுசு புதுசா தேடுவாங்களாம், காலம் கொஞ்சம்தான்னு மனசுக்குப் பட்டுட்டா நெஞ்சுக்கு நெருக்கமானதைப் பார்த்து மனசே திரும்பிக்குமாம், இது வயசை வச்சு மட்டும் வர்றது இல்ல, ஊரை விட்டுக் கிளம்பப் போற சின்ன வயசுக்காரங்களுக்குக் கூட வருமாம். சரியாத்தான் சொல்லியிருக்காங்க அந்த அம்மா. நாளைக்குக் கிளம்பணும்னா அந்த வீட்டு ஜன்னல் கூட அழகாயிருது இல்லையா.

கண்ணைப் பத்தி இன்னொண்ணு சொல்லணும். பழைய லென்ஸுக்கு பதிலா என் கண்ணுக்குள்ள வச்ச இந்த பிளாஸ்டிக் துண்டு எங்க இருந்து வந்துச்சுன்னு அவளையே தேடிச் சொல்லச் சொன்னேன், அவ சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. இரண்டாம் உலகப் போர்ல விமானம் அடிபட்டு, மேல மூடியிருக்கிற பிளாஸ்டிக் கூடு நொறுங்கி அந்தச் சில்லு பைலட்டுங்க கண்ணுக்குள்ள போயிருக்கு. ஹெரால்ட் ரிட்லினு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் அவங்களுக்கு வைத்தியம் பார்க்கும்போது, அந்தப் பிளாஸ்டிக் உள்ளயே கெடந்தாலும் கண்ணு அதை எதிர்க்கலைன்னு கவனிச்சிருக்கார். அப்புறம் ஒரு நாள் அவர் கண்புரையை எடுக்கிறதைப் பார்த்த ஒரு மாணவர், எடுத்த லென்ஸுக்கு பதிலா வேற வைக்க மாட்டீங்களான்னு கேட்டாராம். 1949 நவம்பர் 29-ஆம் தேதி லண்டன்ல, அதே வகை பிளாஸ்டிக்ல செஞ்ச லென்ஸை ஒரு அம்மாவோட கண்ணுல மொதமொதல்ல வச்சிருக்கார். கூட இருந்த பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் ரொம்ப வருஷம் அவரை எதிர்த்திருக்காங்க, கண்ணுக்குள்ள போய் அந்நியப் பொருளை வைக்கிறதான்னு. வயசான காலத்துல அவருக்கே கண்புரை வந்து, அதே மாதிரி லென்ஸ்தான் அவர் கண்ணுலயும் வச்சாங்களாம்! 2001-ல இறந்து போனார். முகம் தெரியாத அந்த மனுஷருக்கு, தெனம் கண்ணுக்கு மருந்து விடும்போது மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கிறேன். அந்தக் கேள்வி கேட்ட பையனுக்கும்தான்.

காது விஷயம் வேற. அதுக்கு இப்படி ஒரு ஆபரேஷன் இல்ல. காது வயசாகும்போது கீச்சுன்னு இருக்கிற மெல்லிசான குரலைத்தான் மொதல்ல விடும், கனமான ஒலி அதைவிட ரொம்ப நாள் நிக்கும். அதனால பையன் பேசுறது கேக்குது, ஆறு வயசுக்காரி பேசுறது பாதி காத்துலயே போயிருது. வீட்டுல எல்லாரும் கத்திப் பேசுவாங்க, கத்துனா வார்த்தை இன்னும் குழம்பும், கோவமா பேசுற மாதிரியும் இருக்கும், இதை எத்தனை தடவை சொன்னாலும் பெரியவங்களுக்குப் புரியல. அந்தக் குட்டிக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அவளே வந்து, ரெண்டு விரலை என் தாடைக்கு அடியில வச்சு, முகத்தை மெதுவா அவ பக்கம் திருப்பி, நான் அவ கண்ணைப் பார்த்துட்டேனான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் ஆரம்பிப்பா. அவ விரல் எப்பவும் கொஞ்சம் ஈரமா இருக்கும், ஸ்கெட்ச் மை ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது என் முகத்தைத் திருப்புறா. காது நல்லா கேட்ட காலத்துல யாரும் என்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி என் முகத்துக்காகக் காத்திருந்தது இல்ல. இதைப் போய் சின்னதுன்னு எப்படிச் சொல்ல?

தூக்கமும் அப்படித்தான், மூணரை நாலு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துரும். மொதல்ல ரொம்பக் கஷ்டப்பட்டேன், அவர் போனதுக்கு அப்புறம் அந்த நேரம்தான் எனக்கு எமன், பக்கத்துல கை போட்டா வெறும் மெத்தை. அவர் இருந்த வரைக்கும் என் கண்ணு மங்கலா இருந்தது எனக்கு ஒரு குறையாவே தெரியல, பேப்பரை அவர்தான் சத்தமா படிப்பார், மருந்துச் சீட்டு, போன் மெசேஜ் எல்லாம் அவர்தான், அவர் கண்ணு எனக்கும் சேர்த்துத்தான் இருந்துச்சு. இப்போ நான் அந்த நேரத்துல எந்திரிச்சு ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிறேன். இருட்டு ஒரேயடியா போகாது, மொதல்ல மரம் கருப்பா வானத்துல இருந்து பிரியும், அப்புறம் கிளை, இலை கடைசியாத்தான். இப்போ இலை வரைக்கும் பார்க்க முடியுது. அவரை நெனச்சு அழுகை வராமலும் இல்ல, வரும், அழுதுக்கிட்டே இலையையும் பார்ப்பேன். ரெண்டும் சேர்ந்தேதான் இருக்கு.

இப்போ பிள்ளைங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், இதுதான் நான் முக்கியமா சொல்ல நெனச்சது. ரெண்டு வருஷம் முன்னாடி நான் குளியலறைல வழுக்கி விழுந்து இடுப்புல அடிபட்டுக்கிட்டேன். எலும்பு முறியல, நல்ல காலம். ஆனா அன்னைல இருந்து வீட்டுல என்னை எதையும் தொட விடல. துணி மடிக்கப் போனா, விடுங்க அத்தை நான் பார்த்துக்கிறேன். செடிக்குத் தண்ணி ஊத்தப் போனா, அம்மா நீங்க உக்காருங்க, ஈரத்துல வழுக்கும். பாசத்துலதான் சொல்றாங்க, எனக்குத் தெரியாதா. ஆனா ஆறு மாசம் போனதும் காலைல எந்திரிச்சா இன்னைக்கு எதுக்கு எந்திரிச்சோம்னு ஆயிருச்சு. டிவி முன்னாடி உக்கார வச்சா உக்காருவேன். என்ன வேணும்னு கேட்டா ஒண்ணும் வேணாம்பேன். அப்போ யாராச்சும் என்கிட்ட வந்து, எதுக்கெல்லாம் நன்றியா இருக்கீங்கன்னு கேட்டிருந்தா, சத்தியமா ஒண்ணும் தோணியிருக்காது, நல்ல வீடு, நல்ல பிள்ளைங்க, எல்லாம் இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் நானே மருமககிட்ட கெஞ்சாத குறையா, துணியை மட்டுமாவது என்கிட்ட குடும்மான்னு கேட்டேன். அவ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தா, ஒண்ணும் பேசாம கூடையைக் கொண்டு வந்து கட்டில்ல வச்சுட்டுப் போனா. வெயில்ல காய்ஞ்ச சூடு இன்னும் துணியில இருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்து உதறி மடிச்சேன், இது பையனோடது, இது குட்டியோடது, இந்த முட்டிக்கிட்ட கிழிஞ்சிருக்கு தைக்கணும். மடிச்சு முடிச்சப்போ இடுப்பு வலிச்சுது, மனசு அவ்வளவு லேசா இருந்துச்சு. அடுத்த வாரம் செடியும் என் பொறுப்புக்கு வந்துருச்சு, வழுக்காத செருப்பு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டான் பையன். தடுக்கிறதுக்கு பதிலா இப்படி ஒரு செருப்பு வாங்கிக் குடுத்தா முடிஞ்சு போற விஷயம்தானே இது.

மூத்தவ சொன்னா, 1976-ல அமெரிக்காவுல எலன் லாங்கர், ஜூடித் ரோடின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரங்க ஒரு முதியோர் இல்லத்துல இதைப் பரிசோதிச்சே பார்த்திருக்காங்களாம். ஒரு மாடியில இருந்தவங்ககிட்ட, உங்க காரியத்தை நீங்கதான் முடிவு பண்ணணும்னு சொல்லி ஆளுக்கு ஒரு செடி குடுத்து நீங்களே பார்த்துக்கோங்கன்னு விட்டிருக்காங்க. இன்னொரு மாடியில, உங்களை நாங்க நல்லா பார்த்துக்குவோம்னு சொல்லி செடியையும் நர்ஸுங்களே பார்த்துக்கிட்டாங்க. மூணு வாரத்துல, தானே பார்த்துக்கிட்டவங்கதான் சுறுசுறுப்பாவும் சந்தோஷமாவும் இருந்திருக்காங்க. ஒரு இல்லத்துல நடந்த சின்ன ஆராய்ச்சிதான், இருந்தாலும் அதைக் கேட்டப்போ அந்த ரெண்டாவது மாடியில நானும் ஆறு மாசம் இருந்துட்டு வந்தவன்னு தோணுச்சு.

அதனால சொல்றேன், உங்க வீட்டுப் பெரியவங்க கையில இருக்கிறதைப் பிடுங்காதீங்க. மெதுவா செய்வாங்க, கோணலா மடிப்பாங்க, தண்ணி கொஞ்சம் சிந்தும். சிந்தட்டும். அதே மாதிரி இன்னொண்ணு, வலியில இருக்கிறவங்ககிட்ட போய், இருக்கிறதுக்கு நன்றி சொல்லுங்கன்னு உபதேசம் பண்ணாதீங்க. முட்டி வலி உயிர் போற அன்னைக்கு எனக்கும் எந்த இலையும் அழகா தெரியாது, அன்னைக்கு எனக்கு வேண்டியது மாத்திரையும், பக்கத்துல கொஞ்ச நேரம் ஒரு ஆளும்தான். வலி இறங்குனதுக்கு அப்புறம் காலை நீட்டிப் படுக்கும்போது ஒரு சுகம் வரும் பாருங்க, நன்றி அப்போ தானா வரும், யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இடது கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. அதுல இன்னும் பழைய லென்ஸ்தான். இப்பல்லாம் தெனம் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால பார்த்துப் பார்த்து மாத்திக்கிறேன், வலது கண்ணுல போர்வை நீலம், இடது கண்ணுல அதே பழைய சாம்பல் பச்சை. நேத்து சாயங்காலம் குட்டி வந்து தாடையைத் திருப்பி ஸ்கூல் கதை சொல்லிட்டு இருந்தா, நான் வலது கண்ணைக் கையால மூடிக்கிட்டு அவளைப் பார்த்தேன். மங்கலா, ஓரமெல்லாம் கரைஞ்சு, மஞ்சள் வெளிச்சத்துல நிக்கிற மாதிரி இருந்தா. ஏன் பாட்டி கண்ணை மூடுறன்னு கேட்டா. சும்மாடின்னேன். ஆபரேஷனுக்கு முன்னாடி இந்தக் கண்ணால அவளை இன்னும் நாலஞ்சு தடவை நல்லா பார்த்து வச்சுக்கணும், ஆறு வருஷம் அவளை நான் இப்படிப் பார்த்துத்தான் வளர்த்தேன்.