என் லேப்டாப்பில் 640×480 இல்லையாம்!

"உங்கள் கணினி இந்த கேமின் குறைந்தபட்சத் தேவைகளைப் பூர்த்தி செய்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளவும்."

இதுதான் பதில். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைத்து, என்னென்ன செய்து பார்த்தேன் என்று வரிசையாக எழுதி அனுப்பிய மடலுக்கு, ஜிடிஏ வைஸ் சிட்டி என்ற பழைய கேமை விற்ற இணையக் கடையின் உதவிப் பிரிவு அனுப்பிய பதில் இந்த ஒரு வரி. என் மடலை யாரும் படித்த அறிகுறியே இல்லை. கடையின் பெயர் வேண்டாம். எங்கே வாங்கியிருந்தாலும் உங்களுக்கும் இதே வரிதான் வந்திருக்கும்.

சரி, அந்தக் குறைந்தபட்சத் தேவை என்ன? வைஸ் சிட்டி 2003-ல் கணினிக்கு வந்தது. அது கேட்பது 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 128 எம்பி ரேம், 32 எம்பி கிராபிக்ஸ் கார்டு. என் லேப்டாப்பில் இருப்பது 16 ஜிபி ரேம். கேட்டதைப் போல 128 மடங்கு! இதை வைத்துக்கொண்டு நான் போய் எதை உறுதி செய்வது? மூன்று பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்த பிரவுசிங் சென்டர் கணினியில், மவுஸில் பாதி அழுக்கு அடைத்திருந்த நிலையிலும், இந்த கேம் ஓடியது. காதைக் கிழிக்கும் ஃபேன் சத்தத்தோடு ஓடியது, ஆனால் ஓடியது. இன்று மாதத் தவணை கட்டி வாங்கிய இயந்திரத்தில் ஐகானை இரண்டு முறை கிளிக் செய்தால் சின்னதாக ஒரு பெட்டி வந்து நிற்கிறது. "கேன்னாட் ஃபைண்ட் 640×480 வீடியோ மோட்." நீங்களும் பார்த்திருப்பீர்கள் அந்தப் பெட்டியை. ஓகே என்று ஒரே ஒரு பட்டன். எது ஓகே?

உடனே எல்லாரும் சொல்வதைத்தான் நானும் செய்தேன். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அங்கே விண்டோஸ் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருக்கும். அதற்குக் கீழே, கவனியுங்கள், 640×480 திரை அளவில் இயக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்தேன். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு, அதையும் டிக் செய்தேன். மறுபடியும் அதே பெட்டி. 640×480 தருகிறேன் என்று விண்டோஸ் சொல்கிறது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கேம் சொல்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். அந்தக் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தை நம்பி இந்த நாட்டில் எத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்புறம் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் கேமின் செட்டிங்ஸ் கோப்பு ஒன்று இருக்கும், அதை அழித்துவிடு என்றார்கள். அழித்தேன். திரையின் அளவை ஒரு தடவை குறைத்துவிட்டுக் கேமைத் திற என்றார்கள். திறந்தேன். திறந்தே விட்டது! லோகோ வந்தது, அந்த இளஞ்சிவப்பும் நீலமும் வந்தது, வீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

திரையைப் பார்த்தால் கேமின் நாயகன் டாமியைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்த மாதிரி இருந்தது. 4:3 படத்தை 16:9 திரையில் இழுத்து ஒட்டினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். மனிதன், கார், பனைமரம், மூலையில் இருக்கும் வட்ட மேப், எல்லாம். வட்டம் முட்டையாகிவிட்டது. உள்ளே வைட்ஸ்கிரீன் என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறதே, போட்டுப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். போட்டுப் பார்த்தாயிற்று. அதனால் தீருகிற பிரச்சினை இல்லை இது. விண்டோஸில் எழுத்துகள் பெரிதாகத் தெரியட்டும் என்று 150 சதவீதம் வைத்திருந்தால் அது இன்னொரு பக்கம். பழைய கேம்களில் பாதி படம் திரைக்கு வெளியே போய்விடும், அதற்குத் தனியாக உயர் டிபிஐ அமைப்பு என்று இன்னொரு பொந்துக்குள் கைவிட வேண்டும்.

படம்தான் இப்படி, வேகமாவது சரியாக இருக்கிறதா? மெனுவில் ஃபிரேம் லிமிட்டர் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம். அந்தக் காலத்துக் கண்ணாடி மானிட்டரில் அது உறுத்தியதே இல்லை. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு திருப்பத்திலும் கண் வலிக்கிறது. சரி என்று எடுத்துவிட்டால் ஃபிரேம்கள் நூற்றுக்கணக்கில் பறக்கும். அடடா என்ன வழவழப்பு என்று காரில் ஏறி, ஒரு சுவரில் முட்டி, பின்னால் எடுக்கப் போனால் ரிவர்ஸ் போகாது. ஆக்சிலரேட்டர் அலறுகிறது, வண்டி அசையவில்லை. பின்னால் போலீஸ். சாவி கெட்டுவிட்டதோ என்று கீபோர்டைத் தட்டிப் பார்த்தேன். கீபோர்டில் ஒன்றுமில்லை. வண்டி நகர்வதற்கான கணக்கை ஃபிரேம் எண்ணிக்கையோடு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஃபிரேமும் சின்னதாகச் சின்னதாக ஆக, அந்தக் கணக்கு தடுமாறிப் போகிறது. அதாவது என் லேப்டாப் வேகமாக இருப்பதுதான் குற்றம். இதற்கு அந்த உதவிப் பிரிவு என் லேப்டாப் போதாது என்கிறது!

இதே கதை பழைய கேம் எல்லாவற்றிலும் இருக்கிறது. 486 பிராசசர் காலத்துக் கணினிப் பெட்டியில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது நினைவிருக்கிறதா? கணினியின் வேகத்தை வேண்டுமென்றே குறைப்பதற்கு அது. பிராசசர் ஓடுகிற வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய டாஸ் கேம்கள் புது இயந்திரத்தில் தலைதெறிக்க ஓடின, அதனால் அந்தப் பட்டன். அன்றைக்கு ஒரு பட்டனில் முடிந்த வேலைக்கு இன்று பழைய டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் வேகத்துக்கான சைக்கிள்ஸ் எண்ணைக் கூட்டிக் குறைத்து உட்கார்ந்திருக்கிறோம். டர்போ பாஸ்கல் என்ற நிரல் மொழியில் எழுதிய நிரல்கள் இன்னும் மோசம். நேரம் அளப்பதற்காக முதலில் ஒரு லூப்பை ஓடவிட்டு எண்ணிப் பார்க்கும். பிராசசர் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் அந்த எண்ணிக்கை இடம் கொள்ளாமல் வழிந்து, ரன்டைம் எரர் 200 என்று சொல்லிவிட்டுச் செத்துவிடும். பூஜ்யத்தால் வகுத்தல் என்று அதற்குப் பெயர் வேறு. அங்கே யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. கணினி வேகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அது டாஸ் காலம், அறியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டுவிடலாம். 2013-ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ரைவல்ஸை 30 ஃபிரேமுக்குப் பூட்டி வைத்தார்கள். பூட்டை உடைத்து 60 ஆக்கினால் மொத்த கேமும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. 2011-ன் ஸ்கைரிமில் 60-ஐத் தாண்டினால் மேஜை மேல் இருக்கும் தட்டும் டம்ளரும் தானாகப் பறக்கும். டர்போ பட்டன் காலத்துப் பிழையை இருபது வருடம் கழித்தும் செய்கிறவர்களை என்ன சொல்வது?

நிறமாவது விட்டுவைத்ததா? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ விண்டோஸ் 7-ல் ஓட்டியவர்களுக்குத் தெரியும், புல் ஊதாவாகவும் கடல் சிவப்பாகவும் மாறும். அது 256 நிறத் தட்டை நம்பிய கேம், அந்தத் தட்டில் டெஸ்க்டாப்பும் கை வைத்துவிடும். அதற்கு நாம் செய்த வைத்தியம், டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்புளோரரையே கொன்றுவிட்டு ஆடுவது. கீழே டாஸ்க்பார் இல்லை, ஐகான் இல்லை, ஒன்றுமில்லை, கேம் மட்டும் இருக்கும். விண்டோஸ் 8 வந்த பிறகு 8 பிட், 16 பிட் நிறம் எல்லாம் உண்மையில் கிடையாது, பாவனைதான். அந்தப் பாவனையில் சில பழைய கேம்கள் நத்தையாக ஊர்ந்தன. இருபது வருடத்துக்கு முன் சீறிய கேம் எட்டு கோர் பிராசசரில் ஊர்கிறது என்றால் அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பொறுமையாக இருப்பது?

திரும்ப என் கதைக்கு வருகிறேன். கடைசியில் காப்பாற்றியது யார் தெரியுமா? ரசிகர்கள். சைலண்ட்பேட்ச் என்று ஒன்று, வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் என்று ஒன்று. காசு வாங்காமல், தங்கள் ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்து, அடுத்தவன் எழுதிய நிரலைப் பிரித்துப் பார்த்துச் சரி செய்து வைத்திருக்கிறார்கள். டிஜிவூடூ என்று ஒருவர் தனியாளாகச் செய்து வைத்திருக்கும் மென்பொருள் எத்தனையோ பழைய டைரக்ட்எக்ஸ் கேம்களை இன்றைய கார்டில் ஓட வைக்கிறது. இவர்களுக்குக் கோவில் கட்டினாலும் தகும். அந்தக் கோப்புகளை கேம் ஃபோல்டரில் போட்டேன். டாமி ஒல்லியானான். மேப் வட்டமானது. பிசிஜே 600 பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் போனபோது வேகம் அப்படியே அந்தப் பழைய வேகம். உடம்பெல்லாம் சிலிர்த்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தச் சாலையில் எந்த மூலையில் எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்று விரலுக்கு இன்னும் தெரிகிறது, வேகம் சரியாக இருந்தால் மட்டும். அதனால்தான் சொல்கிறேன், வேகமும் படமும் மேல்பூச்சு இல்லை. கட்டுமானக் கட்டடத்துக்குள் பொம்மை ஹெலிகாப்டரில் நான்கு குண்டுகளைக் கொண்டுபோய் வைக்கும் அந்த மிஷனை வேறு வேகத்தில் ஆடினால் அது வேறு கேம்.

அந்தச் சந்தோஷத்தை மூன்று நாள்கூட விடவில்லை. ராத்திரியில் கேட்காமல் கொள்ளாமல் கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆகியிருக்கிறது. காலையில் கிளிக் செய்தால் மறுபடியும் பெட்டி. கேன்னாட் ஃபைண்ட். அதற்குப் பிறகுதான் அந்த மடலை எழுதினேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

இதைச் சொன்னால் ஆளாளுக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள். "புதுப் பதிப்பு வாங்கிக்கோயேன்." வாங்கிக்கொள்வேனே! 2021 நவம்பரில் ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்று கேம்களையும் சேர்த்துப் புதுப்பித்த பதிப்பு என்று விட்டார்களே, பார்த்தீர்களா? மழை பெய்தால் எதிரே ஒன்றும் தெரியவில்லை, கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை, முகங்களெல்லாம் மெழுகு. வெளியிட்ட நிறுவனமே ஒரு வாரத்தில் மன்னிப்புக் கேட்டது. அதைவிடக் கொடுமை, இந்தப் புதியதை விற்பதற்காகப் பழைய பதிப்புகளை இணையக் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்த பிறகுதான் கணினிக்கான பழைய பதிப்புகளைத் தங்கள் கடையில் திரும்ப வைக்கிறோம் என்றார்கள். அதிலும் ரேடியோவில் உரிமம் முடிந்த பாட்டுகள் கிடையாது. வைஸ் சிட்டியில் பாதி உயிர் அந்த ரேடியோதான், அதில் கை வைத்துவிட்டு முழு விலை கேட்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொருவர், "ஒரிஜினல் சிடி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை" என்றார். அவருக்கு இது: நகல் எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பாதுகாப்புப் போட்டு வந்த ஒரிஜினல் டிஸ்க்குகள் விண்டோஸ் 10-ல் ஓடவே ஓடாது. அதற்கான டிரைவரை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. 2015 செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7-லும் 8-லும்கூட அதை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்பு ஓட்டை இருந்தது, நிறுத்தியது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேர்த்து வைத்த காசில் ஒரிஜினல் டிஸ்க் வாங்கியவனுக்கு என்ன வழி செய்தார்கள்? திருட்டு சிடியில் ஏற்றியவனுக்கு ஓடுகிறது, பெட்டியோடு மேப்போடு வாங்கி அலமாரியில் வைத்தவனுக்கு ஓடவில்லை. இதை மட்டும் எத்தனை தடவை நினைத்தாலும் ஆறவில்லை.

பழைய பொருளை விற்காதே என்று சொல்லவில்லை. விற்கிறாய் அல்லவா, காசு வாங்குகிறாய் அல்லவா, இன்றைய ஒரு சாதாரண லேப்டாப்பில் ஒரு தடவை ஏற்றிப் பார். ரசிகன் இலவசமாகச் செய்த வேலையைச் சம்பளம் வாங்கும் ஓர் ஆளை வைத்துச் செய். முடியாது என்றால் ஓடாது என்று விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுது. பணத்தை வாங்கிக்கொண்டு ரேம் போதுமா என்று கேட்காதே.

இப்போது டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றி, தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி, எல்லாம் போட்டு மறுபடி ஓடுகிறது. எத்தனை நாளைக்கோ. சரி, அது போகட்டும், இந்த லேப்டாப்பில் நம்பர் பேட் ஏன் இல்லை? பழைய கேம்களில் பாதிக்கு அது இல்லாமல் கையே ஓடாது. டாலியில் கணக்குப் போடுகிறவர்களுக்கு அது இல்லாமல் பிழைப்பே இல்லை. இடம் இல்லை என்கிறார்களா? இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குச் சும்மா இடம் விட்டிருக்கிறார்கள். நம்பர் பேடுக்கு இடம் இல்லை, ஆனால் யாரும் கேட்காத ஏஐ பட்டன் ஒன்றை வலது பக்கம் கன்ட்ரோல் இருந்த இடத்தில் வைத்துத் தந்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும் அவசரத்தில் கை அதில் பட்டால் கேம் கீழே போய், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும் என்று ஒரு ஜன்னல் திறக்கிறது. அந்தக் கன்ட்ரோல் சாவியைத் திருப்பிக் கொடுங்கள், அதுவே பெரிய உதவி.