மணிக்கு, காலையில், மாலைக்குள்: இங்கிலீஷில் நேரம் சொல்வது

‘அட்’ எங்கே, ‘இன்’ எங்கே என்று கேட்டால் “சின்ன நேரத்துக்கு அட், பெரிய நேரத்துக்கு இன்” என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ‘அட் நைட்’ வந்ததும் கவிழ்ந்துவிடும். ராத்திரி என்ன, காலையைவிடச் சின்னதா? தமிழில் யோசிப்பதால்தான் இங்கிலீஷ் தப்பாகிறது என்பதும் பாதி உண்மைதான். நேரம் சொல்வதில் தமிழ் உருபுகள் பல இடங்களில் சரியான வழியையே காட்டுகின்றன.

ஒன்பது மணிக்கு: அட் நைன். காலையில்: இன் த மார்னிங். ‘க்கு’ வந்தால் அட், ‘இல்’ வந்தால் இன். இரண்டும் சேரும்போதுதான் சறுக்குகிறோம். ‘காலை 9 மணிக்கு’ என்பதை அதே வரிசையில் ‘மார்னிங் நைன் ஓ க்ளாக்’ ஆக்கிவிடுகிறோம். இங்கிலீஷில் மணி முன்னால், பொழுது பின்னால்: ‘அட் நைன் இன் த மார்னிங்’. எழுத்தில் ‘9 ஏ.எம்.’ போதும், அதற்குப் பின் ‘இன் த மார்னிங்’ சேர்த்தால் காலையை இரண்டு முறை சொன்னதாகிவிடும். ‘ஓ க்ளாக்’ முழு மணிக்கு மட்டும், 9.30க்குக் கிடையாது.

‘இல்’ வந்தால் இன் என்பதற்கு முக்கியமான விதிவிலக்குகள்: அட் நூன், அட் மிட்நைட், அட் நைட். ‘இன் த நைட்’ தப்பில்லை, பொருள்தான் வேறு. ஒரு குறிப்பிட்ட ராத்திரியின் நடுவே ஏதோ நடந்தது, விழிப்பு வந்தது என்று சொல்ல அது பொருந்தும்.

‘இன்று காலை’ என்பதில் உருபே இல்லை. இங்கிலீஷிலும் இல்லை: ‘திஸ் மார்னிங்’. ‘டுடே மார்னிங்’ எல்லோருக்கும் புரியும், பேச்சில் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் வேலை விண்ணப்பத்திலும் தேர்விலும் வேண்டாம். ‘எஸ்டர்டே மார்னிங்’, ‘டுமாரோ நைட்’ சரி. ‘எஸ்டர்டே நைட்’டுக்குப் பதில் ‘லாஸ்ட் நைட்’, ‘டுடே நைட்’டுக்குப் பதில் ‘டுநைட்’. கிழமையோ தேதியோ முன்னால் வந்துவிட்டால் மட்டும் தமிழ் கைகொடுக்காது, ‘ஆன்’ போட வேண்டும்: ‘ஆன் மண்டே மார்னிங்’.

அலுவலக மெயிலில் உண்மையிலேயே குழப்பம் விளைவிப்பவை ‘குள்’ளும் ‘வரை’யும்தான். ‘5 மணிக்குள் அனுப்புங்கள்’ என்பதை ‘வித்தின் ஃபைவ் ஓ க்ளாக்’ என்று எழுதுகிறார்கள். ‘வித்தின்’ கால அளவோடுதான் போகும்: வித்தின் டூ அவர்ஸ். கெடு மணிக்கு ‘பை’: பை ஃபைவ். ‘5 மணி வரை’ என்றால் ‘அன்டில் ஃபைவ்’. அதுவரை வேலை தொடர்ந்து நடக்கிறது. ‘சென்ட் இட் அன்டில் ஃபைவ்’ என்று எழுதினால், ஐந்து மணி வரை அனுப்பிக்கொண்டே இரு என்ற தொனி வந்துவிடும்.

‘கழித்து’ இன்னொரு குழி. ‘10 நிமிஷம் கழித்துக் கூப்பிடுகிறேன்’ என்பது ‘ஆஃப்டர் டென் மினிட்ஸ்’ ஆகிவிடுகிறது. இப்போதிலிருந்து எண்ணும்போது ‘இன் டென் மினிட்ஸ்’தான். மினிட்ஸையும் விழுங்கி ‘ஆஃப்டர் டென்’ என்று சொல்லிவிட்டால், கேட்பவர் பத்து மணிக்கு மேல்தான் போனை எதிர்பார்ப்பார்.

பொழுதின் எல்லையும் ஒன்றல்ல. நமக்கு 4 மணி மாலை. இங்கிலீஷில் அது இன்னும் ஆஃப்டர்நூன், ஏறக்குறைய 5, 6 மணிக்குத்தான் ஈவினிங். நமக்கு ராத்திரி 1 மணி. அங்கே ‘ஒன் இன் த மார்னிங்’. இரவு 9 மணிக் கூட்டத்துக்குள் நுழைந்தாலும் வணக்கம் ‘குட் ஈவினிங்’தான். ‘குட் நைட்’ விடைபெறும்போது மட்டும்.

12க்கு வந்தால் ஏ.எம்., பி.எம். இரண்டையும் நம்பாதீர்கள். நண்பகல் 12க்கு ‘பி.எம்.’ போடுவது வழக்கம் என்றாலும் படிப்பவர் தடுமாறுவார். ‘12 நூன்’ என்று எழுதுங்கள். ‘ஃப்ரைடே மிட்நைட்’ இன்னும் மோசம்: வெள்ளி பிறக்கும் நள்ளிரவா, வெள்ளி முடியும் நள்ளிரவா? கெடு வைப்பவர்கள் ‘ஃப்ரைடே, 11.59 பி.எம்.’ என்று போடுவது இதனால்தான்.