பார்க்கின்சன்: மணி பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை

பார்க்கின்சன் என்றாலே எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள். கை நடுங்காமலும் இந்த நோய் வரும். நோயைக் காட்டிக்கொடுப்பது அசைவின் மந்தம்தான்: சட்டைப் பொத்தான் போட நேரமாகும், கையெழுத்து போகப்போகச் சிறுக்கும், நடக்கையில் ஒரு கை வீசாது. மலச்சிக்கல், வாசனை தெரியாமை, தூக்கத்தில் கத்தி உதைப்பது எல்லாம் பல வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

மூளையில் டோபமின் என்ற, அசைவுக்குத் தேவையான வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதுதான் அடிப்படை. அதை ஈடுகட்டும் முக்கிய மருந்து லெவோடோபா. நோயை அது நிறுத்தாது, அசைவைத் திருப்பித் தரும். வீடுகளில் கோட்டை விடுவது மருந்தில் இல்லை, மணியில். புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட்ட மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் இந்தப் போட்டியும் காரணமாக இருக்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ கொடுப்பது வழக்கம். குமட்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்குமுன் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, உடம்பு இளகியது எப்போது, இறுகியது எப்போது, தானாக நெளிந்தது எப்போது. "பரவாயில்லை டாக்டர்" என்ற பதிலை விட இது நூறு மடங்கு உதவும். வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் மாத்திரை நேரத்தை எழுதிக் கொடுங்கள். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனக்குழப்பத்துக்கான ஹாலோபெரிடால் இரண்டும் பார்க்கின்சனை மோசமாக்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

நோயாளி கால் தரையில் ஒட்டியது போல நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்கட்டும். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றச் சொல்லி, தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதைத் தாண்டச் சொல்லுங்கள்.

உதவி என்றால் நரம்பியல் மருத்துவர் மட்டுமில்லை. பிசியோதெரபியை விழுந்த பிறகல்ல, நோய் தெரிந்த உடனே தொடங்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் குரலுக்கு மட்டுமல்ல, விழுங்கும் சிக்கலுக்கும்தான். சாப்பிடும்போது அடிக்கடி இருமினால் அவரிடம் போங்கள், உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். நோயாளிகள் கூடும் ஆதரவுக் குழு எங்கே இருக்கிறது என்று நரம்பியல் பிரிவிலோ பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள். அங்கே யாராவது பூனைக்காலிப் பொடியைப் பரிந்துரைத்தால் கவனம்: அதிலும் லெவோடோபா இருக்கிறது, எவ்வளவு என்று அளவு தெரியாது, ஏற்கெனவே போடும் மாத்திரையோடு சேரும்.

பார்த்துக்கொள்பவரும் ஒரு தடவையாவது நோயாளி இல்லாமல் தனியாக அந்தக் குழுவுக்குப் போய்வர வேண்டும். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்க முடியாத கேள்விகள் நிறைய இருக்கும்.