மந்திரவாதிகளைப் பந்தியில் உட்கார வைத்தவர்

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற நகைச்சுவை மாயக் கதை வரிசையில் நாவல்கள் மொத்தம் 41. முதலாவது 1983-இல் வந்தது, கடைசி நாவல் அவர் மறைந்த 2015-இல். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் இதில் ஒன்றை வாங்கி, இருபது பக்கத்தோடு மூடி வைத்தவர்கள் யாராவது இருந்தால் இந்தப் பதிவு அவர்களுக்கு.

பெரும்பாலும் தப்பு நடப்பது முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பிப்பதால்தான். அது பழைய ஆங்கில வாள்வீச்சு மாயக் கதைகளைக் கிண்டல் செய்து எழுதியது. அவற்றைப் படிக்காதவருக்குப் பாதி நகைச்சுவை பிடிபடாது. போதாததற்கு, நாயகன் உலகத்தின் விளிம்பிலிருந்து விழும் இடத்தில் கதை நின்றுவிடும். மிச்சத்துக்கு இரண்டாவது புத்தகம் வேண்டும். நாலாவதான ‘மார்ட்’டில் தொடங்குங்கள். அடுத்து ஐந்தாவது, ‘சோர்சரி’. இவற்றில் அத்தியாயப் பிரிவு கிடையாது, வரி விட்டிருக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அடிக்குறிப்புகளை அந்தந்த இடத்திலேயே படித்துவிட வேண்டும். போனில் படித்தால் அவை கடைசிக்குப் போய்விடும், சிரிப்பு ஆறிப்போகும். அச்சுப் புத்தகமே நல்லது.

கதை நடக்கும் டிஸ்க்வேர்ல்ட் இப்படி: ஆமை மேல் நாலு யானை, யானைகள் மேல் தட்டையான உலகம். திக்கு யானைகளையும் கூர்மத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் இந்த வரிசையின் உயிர் மந்திரத்தில் இல்லை, மந்திரத்தை அடக்கி வைக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. எட்டாவது மகனுக்குப் பிறந்த எட்டாவது மகன் மந்திரவாதி. அந்த மந்திரவாதிக்கே எட்டாவது மகன் பிறந்தால், அவன் மந்திரத்தின் ஊற்றாகவே ஆகிவிடுவான். அதனால்தான் மந்திரவாதிகளுக்குக் கல்யாணம் கூடாது. அவர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அவர்களை ஒருவரோடொருவர் மோதாமல் வைத்திருப்பதுதான் அதன் உண்மையான வேலை, அதற்கு வழி வயிறு நிறையச் சோறு. மாயவரத்துக் கல்யாணப் பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் வாங்கியவர் எழுந்து போய் யாரோடு சண்டை போடுவார்? ‘சோர்சரி’யில் அந்த எட்டாம் பிள்ளை வந்து சேருகிறான். மந்திரம் வெள்ளமாகப் பாய்கிறது. ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு கோபுரம் எழுப்பி அடித்துக்கொள்கிறார்கள். அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக, இவ்வளவு சிரிக்க வைத்து எழுதியவர்கள் குறைவு.

அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஓர் ஒராங்குட்டான் குரங்கு. மந்திர விபத்தில் உருமாறியவர், திரும்ப மனிதனாக மாட்டேன் என்கிறார். உயரத் தட்டில் இருக்கும் புத்தகத்தை எடுக்க நீளக் கை எவ்வளவு வசதி!

இதெல்லாம் தமிழில் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ரின்ஸ்விண்ட் என்ற தோற்றுப்போன மந்திரவாதியின் தொப்பியில் ஜிகினாவால் தொழில் பெயர் எழுதியிருக்கும், ஓர் எழுத்து கூடுதலாக. தமிழில் அதை ‘மந்திறவாதி’ என்று எழுதினால் போதும், வேலை முடிந்தது.

சிக்கல் மரணத்திடம்தான். அவர் ஒரு பாத்திரம். ஆங்கிலத்தில் மேற்கோள் குறியில்லாமல் பெரிய எழுத்தில் பேசுகிறார். நமக்குப் பெரிய எழுத்தே கிடையாது. தடித்த எழுத்து தலைப்பு மாதிரி தெரியும். ‘எமன்’ என்று பெயர் வைத்தால் எருமையும் பாசக்கயிறும் கூடவே வந்துவிடும். திருக்கடையூரில் உதை வாங்கிய காலன்தான் நம் கண்ணில் நிற்பான். இவரோ வெள்ளைக் குதிரையில் வருபவர், பூனை என்றால் கொள்ளைப் பிரியம், யாரையும் கொல்வதில்லை, வேளை வந்தவரை அழைத்துப் போகிறார், அவ்வளவுதான். எனவே ‘மரணம்’ என்றே வைத்து, ‘வந்தார்’, ‘சொன்னார்’ என்று மரியாதையாக முடிக்கலாம். மற்றவர்கள் எல்லாரும் பேச்சுத் தமிழில் பேசட்டும், இவர் மட்டும் குறியில்லாத எழுத்துத் தமிழில். உதாரணத்துக்கு நானே எழுதியது:

“யாருங்க நீங்க? இந்நேரத்துல?”

உங்களை அழைத்துச் செல்ல வந்திருக்கிறேன்.

“இருங்க, மோட்டாரை நிறுத்திட்டு வந்துடறேன்.”

அது நின்று சற்று நேரமாகிறது.

பெயரைச் சொல்லாமல் இதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த வரி யாருடையது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டால் மொழிபெயர்ப்பு சரியான தடத்தில் போகிறது.